அதிபரோடு நிற்கச் சொன்ன வாரம்

அந்தத் திங்கட்கிழமை மாலை அதிபர் தொலைக்காட்சியில் பேசி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. என் மனைவி பீன்ஸ் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டு வந்து, கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். பீன்ஸ் அடிப்பிடித்தது. அதற்காக அன்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை என்றால், அந்த மனிதர் எப்படிப் பேசியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினால் நம் பாட்டன்மார் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்" என்றார். அரசாங்கத்தின் வெட்டிச் செலவைக் குறைக்க ஒரு மசோதா கொண்டுவந்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு என்றும் சொன்னார். கடைசியில் நேராக எங்களைப் பார்த்தார். "நாளைக் காலை போனை எடுங்கள். உங்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டு, அதிபரோடு நில்லுங்கள் என்று சொல்லுங்கள். அது போதும்."

கட்லர் ஃபோர்க் என்ற எங்கள் சுரங்க ஊரில் என் செருப்புக்கடைக்கு நேர் மேல் மாடியில்தான் எங்கள் தொகுதிப் பிரதிநிதி கிராடக்கின் அலுவலகம். பதினேழு படி ஏறினால் போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் அதிபர் போனை எடுக்கச் சொன்னார், நான் எடுத்தேன். கூரைக்கு மேலே மணி அடிப்பது என் காதில் விழுந்தது.

"பிரதிநிதி கிராடக் ஆபீஸ். நெல்டா பேசறேன்."

"நான் லெஸ்டர். கிராடக்கை அதிபரோட நிக்கச் சொல்லு."

"லெஸ்டர், நீ கீழதானே இருக்க?"

"இருந்தா என்ன? எழுதிக்கோ."

"எழுதறேன். எந்த விஷயத்துல நிக்கணும்?"

"செலவைக் குறைக்கறதுல."

"எந்தச் செலவை?"

"எல்லா வெட்டிச் செலவையும்தான்."

"சரி. எழுதினதைத் திருப்பி வாசிக்கறேன், சரியா இருக்கான்னு சொல்லு." அவள் குரல் நீதிமன்றக் குரலாக மாறியது. "'லெஸ்டர் போக்ஸ், மெயின் தெரு. அதிபரோடு நிற்க வேண்டும். எல்லா வெட்டிச் செலவையும் குறைக்க வேண்டும். எவை வெட்டிச் செலவு என்று அழைத்தவர் சொல்லவில்லை.' சரியா?"

கடைசி வாக்கியம் என்னைச் சுருக்கென்று குத்தியது. ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நெல்டா ஸ்டாலர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் நம்பர் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பாவும் அண்ணன்மாரும் கரி வெட்டப் போனார்கள். இவள் தபால் வழியாகச் சுருக்கெழுத்து படித்தாள். பத்தொன்பது வருடம் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதினாள். கொலை வழக்கில் ஒருவன் விக்கினால், விக்கியதாகவும் எழுதுவாள். நீதிபதி கேட்டால் எழுந்து நின்று வாசித்துக் காட்டுவாள். தாங்கள் சொன்னதைத் தங்கள் காதாலேயே கேட்டதும் சாட்சிகள் வெளிறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய நீதிபதி ஓய்வு பெற்ற வருடம் கிராடக் அவளைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கேயும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. சாலையில் பள்ளம் என்று யார் கூப்பிட்டாலும் எழுதி, வாசித்து, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள். அவளுக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது. எனக்கு அதுவே எரிச்சல்.

கிராடக் போன தேர்தலில் தொள்ளாயிரம் வாக்கில் தப்பிப் பிழைத்தவர். அதிலிருந்து இழுபறியான எந்த வாக்கெடுப்பிலும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தொகுதியிலிருந்து வரும் அழைப்புகளை எண்ணி அலுவலகம் ஒரு தாள் தயாரிக்கும். ஆதரவு எத்தனை கோடு, எதிர்ப்பு எத்தனை கோடு. அந்தத் தாள் எப்படிச் சொல்கிறதோ அப்படி அவர் கை தூக்குவார். கோழை என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் மேலே மணி ஓயவில்லை. இரண்டே இணைப்பு. நெல்டாவும், தட்டச்சு செய்யும் ரூபி என்ற பெண்ணும். பதினொரு மணிக்கு நெல்டா படியில் பாதி இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"லெஸ்டர், உன் கடை போன் நம்பரையும் சொல்லிடலாமா? லைன் கிடைக்கலைன்னு ஜனங்க கத்தறாங்க."

"எனக்கு வியாபாரம்னு ஒண்ணு இருக்கு, நெல்டா."

"காலையிலேர்ந்து யாராவது வந்தாங்களா?"

யாரும் வரவில்லை. ஊர் முழுக்க வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் தலையாட்டினேன். அப்படித்தான் நான் அரசாங்க வேலையில் சேர்ந்தேன்.

நான் வேகமான ஆள். "அதிபரோட நிக்கணுமா? பேர் என்ன? ஆச்சு." ஒரு கோடு. அடுத்தது. நண்பகலில் என் தாளை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூவர் எண்ணிக்கையும் சேர்த்தால் ஆதரவு முந்நூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு ஒன்பது. அதில் நெல்டாவுடையது நாற்பத்தொன்றுதான். நான் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் ஒரு கிழவியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த மசோதால என்னென்ன இருக்குன்னு கேக்கறீங்களா, மிஸஸ் ஹாட்ஃபீல்டு? எங்கிட்ட பட்டியல் இருக்கு. நம்ம மாவட்டத்துக்கு நாலு இருக்கு. வாசிக்கறேன்." ஒரு தாளைத் திருப்பினாள். "ஒண்ணு, ஆத்துல வெள்ளம் அளக்கற கருவி. ரெண்டு, பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு. மூணு, ரிட்ஜ் ரோடு பாலம். நாலு, கரி நுரையீரல் கிளினிக்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் வாசித்துக் காட்டி முடித்து வைத்ததும் கேட்டேன்.

"எந்த கிளினிக்?"

"எத்தனை கிளினிக் இருக்கு இங்க?"

"அது எப்படி கவர்மெண்ட் செலவாகும்? அது நம்ம கிளினிக் ஆச்சே!"

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அன்று கட்லர் ஃபோர்க்கில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கரித்தூசி நெஞ்சில் படிந்து மூச்சு முட்டும் சுரங்கத் தொழிலாளிகள் போகும் அந்தக் கிளினிக் இருப்பது பழைய சுரங்கக் கம்பெனிக் கடையில். பெயர்ப்பலகையை எழுதியது தொழிற்சங்கம். திரைச்சீலை தைத்தது மெதடிஸ்ட் சர்ச் பெண்கள். புதன்கிழமைதோறும் வீட்டில் சுட்ட ஆப்பிள் பை கொண்டுவந்து வைப்பதும் அவர்கள்தான். கூரை ஒழுகியபோது நிஜமாகவே நாங்கள் ஏணி தூக்கிக்கொண்டு போனோம், நானும் போனேன். மருத்துவருக்கும் நர்ஸுக்கும் ஆக்சிஜன் உருளைக்கும் எங்கிருந்து வருகிறது என்று பன்னிரண்டு வருடமாக ஒரு ஆள் கேட்டதில்லை. அரசாங்கம் என்றால் கொடியும் பளிங்குத் தூணும் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அங்கே இருந்தது ஆப்பிள் பை.

எனக்குக் கோபம் அவள் மேல் திரும்பியது. "காலையில நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியும் இல்ல? ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே. கூப்பிடறவங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. அது என் வேலை இல்லை." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா வாசிக்கட்டுமான்னு நானே கேட்டிருக்கலாம். அது தப்புதான். இனிமே கேக்கறேன்."

நீளக் கம்பி கட்டி என் கடை போனையும் மாடிக்கு இழுத்து நெல்டாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று மதியத்திலிருந்து மூன்று இணைப்பிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. அவர்கள் சொல்வதை எழுதுவோம். நாலு விஷயம் இருக்கிறது, வாசிக்கட்டுமா என்று கேட்போம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார் என்று எழுதுவோம். கடைசியில் எல்லாவற்றையும் திருப்பி வாசிப்போம். நான் முதலில் முணுமுணுத்தேன். மூன்றாவது அழைப்பிலேயே முணுமுணுப்பு நின்றுவிட்டது. மறுமுனையில் விழும் அந்த மௌனத்தைக் கேட்டால் யாருக்கும் நின்றுவிடும்.

நாலு மணிக்கு டூயி ராட்லிஃப் கூப்பிட்டார். முப்பத்தொரு வருடம் கரி வெட்டியவர். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நிற்க வேண்டும் அவருக்கு. எங்கள் ஊரிலேயே அதிபருக்குப் பெரிய பக்தர். அவர் குரல் மெலிந்து கேட்கும் என்பதால் நெல்டா அவர் பேசியதை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மிஸ் நெல்டா, அதிபரோட... நிக்கச் சொல்லும்மா. அந்தாளு... தங்கம்."

"எழுதிட்டேன், டூயி. நம்ம மாவட்டத்து நாலையும் வாசிக்கட்டுமா?"

"வாசி."

வாசித்தாள். நாலாவது வந்ததும் இருமல் கேட்டது. நீண்ட இருமல். நாங்கள் காத்திருந்தோம்.

"அதை... எவன் சேத்தான் அதுல?"

"அது எனக்குத் தெரியாது, டூயி. என்ன எழுதட்டும்?"

"எழுதிக்கோ. பாதி மூச்சை மலைக்குள்ள விட்டுட்டு வந்தேன்... இந்த நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்க. மீதிப் பாதிக்குத்தான்... அங்க போறேன். இது வெட்டிச் செலவுன்னா... என்னைத்தான் வெட்டறாங்க."

"'அதிபரோடு நிற்க வேண்டும்'ங்கறதை அடிச்சிடவா?"

"ஏன் அடிக்கறே? அவரோடயும் நிக்கட்டும். கிளினிக்கையும்... தொடக்கூடாது. ரெண்டையும் எழுது."

அவள் இரண்டையும் எழுதினாள். எங்கே மூச்சுக்கு நின்றாரோ அங்கே புள்ளி வைத்து எழுதினாள்.

புதன்கிழமை காலை பிரஸ்டன் வந்து சேர்ந்தான். வாஷிங்டனில் கிராடக்கின் அலுவலகத்தை நடத்துகிறவன். ஆள் மோசமில்லை, ஆனால் மழை பெய்யும் ஊருக்கு மெல்லிய தோல் செருப்பில் வந்தவனை எப்படி மதிப்பது? நேராகத் தாள்களை எடுத்துப் புரட்டினான்.

"இது என்ன, நெல்டா? தாள்ல ரெண்டு கட்டம் இருக்கு. ஆதரவு, எதிர்ப்பு. நீங்க கதை எழுதி வெச்சிருக்கீங்க."

"அவங்க சொன்னதை எழுதியிருக்கேன்."

"அதிபரோட நிக்கணும்னு ஒருத்தர் சொன்னா அது ஆதரவு. ஒரு கோடு போட்டா முடிஞ்சது."

"ஆமான்னு சொன்னவர் எதுக்கு ஆமான்னு சொன்னார்னு எழுதாம, வெறும் ஆமான்னு எழுத எனக்குத் தெரியாது. பத்தொம்பது வருஷம் அப்படி எழுதியிருந்தா பாதிப் பேர் தூக்குல தொங்கியிருப்பாங்க."

"வாசிக்கட்டுமான்னு கேட்டு நீங்க அவங்க மனசை மாத்தறீங்க."

"அதிபர் அரை மணி நேரம் டிவில பேசினாரே, அது என்னவாம்?" என்று நான் நடுவில் புகுந்தேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுத்த போனை எடுத்தேன்.

பிரஸ்டன் முட்டாள் இல்லை. மதியத்துக்குள் ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறான். திரும்பி வந்தபோது அவன் குரல் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் கிளைட் அந்த கிளினிக்ல வாரம் ரெண்டு தடவை ஆக்சிஜன் எடுக்கறார். இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

ரூபி தட்டச்சை நிறுத்திவிட்டாள். எனக்குக் கிளைட்டைத் தெரியும், அவர் இருமலைத் தெரியும். அடுத்த கிளினிக் மலைக்கு அப்பால் தொண்ணூறு மைல். அந்த வளைவுச் சாலையில் கிளைட் போய்த் திரும்ப மாட்டார். இது மூடினால் கிளைட் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளாக நூற்றுக்கணக்கான ஆட்களோடு பேசிய நெல்டா, ஒருவரிடமாவது தன் வீட்டு விஷயத்தை வாய் தவறிச் சொன்னாளா? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் சத்தியம் செய்வேன், ஒரு சொல் இல்லை.

அவள் முகம் சிவந்தது. எழுந்து நின்றாள்.

"கேக்க வேண்டிய கேள்விதான். நான் எழுதினதுல உங்களுக்குச் சந்தேகம் வந்தா அதுவும் நியாயம்தான். இனிமே நான் போனைத் தொட மாட்டேன்." தாள் கட்டை அவன் பக்கம் தள்ளினாள். "பேர் இருக்கு, நம்பர் இருக்கு. நீங்களே கூப்பிடுங்க. எது வேணுமோ அதை எடுங்க. நீங்களே கேளுங்க."

அவன் கட்டைக் கலைத்துப் போட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினான். டூயி ராட்லிஃப். எனக்கு அந்தக் கணத்தில் கடவுள் மேல் புது மரியாதை வந்தது.

"சார், பிரதிநிதி கிராடக் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். நேத்து நீங்க அதிபருக்கு ஆதரவா போன் பண்ணீங்க. அது ஆதரவுதானேன்னு சரிபார்க்கணும்."

"யாருப்பா நீ? மிஸ் நெல்டா... எங்கே?"

"நான் பிரஸ்டன், சார். வாஷிங்டன்லேர்ந்து."

"ஓ... வாஷிங்டனா? தம்பி, எங்க கிளினிக்கை மூடறதுக்கா... நான் போன் பண்ணேன்? உங்கப்பனுக்கு நுரையீரல்... நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு, சார்."

"நல்லா இருக்கட்டும். அவரை... ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா. நான் இருமறேன்... அவர் கேக்கட்டும். அப்புறம் உன் கோட்டைப் போடு."

பிரஸ்டன் அடுத்து இன்னொன்று கூப்பிட்டான். அதற்கு அடுத்தது. நாலாவதாக எடுத்தவர் சவப்பெட்டி செய்கிற பிளெவின்ஸ். மூடினால் மூடட்டும், நாடு கடனில் மூழ்குகிறது, எல்லோரும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். நெல்டா தாளிலும் அப்படியேதான் இருந்தது, அவர் சொன்ன அதே சொற்களில். அதைப் பார்த்தபோதுதான் அவன் நாற்காலியில் சாய்ந்து கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். தனக்கு வேண்டாத பதிலையும் அவள் அதே ஒழுங்கோடு எழுதியிருந்தாள்.

"அந்த முதல் முந்நூறு பேர்?" என்று கேட்டான். "அவங்களுக்குப் பட்டியலே வாசிக்கலையே?"

"வாசிக்கலை" என்றாள் நெல்டா. "அதுவும் சரியான கணக்கு இல்லைதான்."

"அப்ப அவங்களையும் கூப்பிடணும்." அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "நீங்க தொட வேண்டாம். நான், ரூபி, இவர். மூணு பேர்."

இவர் என்றது என்னை. வியாழக்கிழமை முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு நான் போன் பேசினேன். நெல்டா மூலையில் உட்கார்ந்து எங்களுக்கு பெப்பரோனி ரோல் என்ற கறி வைத்த ரொட்டியைச் சுட வைத்துக் கொடுத்தாள். வாயைத் திறக்கவே இல்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! பட்டியலில் முதல் பெயர் லெஸ்டர் போக்ஸ். பிரஸ்டன் என்னைப் பார்த்து, "சொல்லுங்க, சார், உங்களுக்கு வாசிக்கட்டுமா?" என்றான். கிண்டல்தான். ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். என் பதிலை அவன் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டினான். பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

மாலை ஐந்து மணிக்கு முடித்தோம். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அதிபரோடு நிற்க வேண்டும் என்றவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம். கிளினிக்கைத் தொடக்கூடாது என்றவர்கள் ஆயிரத்து அறுபது.

பிரஸ்டன் தலையில் கை வைத்தான். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே! இதை வெச்சு அவர் எப்படிக் கை தூக்குவார்?"

"அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் நெல்டா. அன்று முழுக்க அவள் அந்த வேலையைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அது. "அப்படியே அவருக்கு அனுப்புங்க. முரணை அவர் பாத்துக்கட்டும். அதுக்குத்தானே அனுப்பி வெச்சிருக்கோம்?"

கிராடக் அன்று மாலை வாஷிங்டனிலிருந்து போனிலேயே தாள்களைக் கேட்டார். பிரஸ்டன் வாசிக்க ஆரம்பித்தான். அவனுக்கு நாடகம் போல வாசிக்கத்தான் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் கிராடக், "நெல்டாகிட்ட கொடு" என்றார். அவள் எழுந்து நின்று, நீதிமன்றத்தில் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். டூயி நின்ற இடத்தில் நின்றாள். பிளெவின்ஸ் சொன்னதையும் அதே குரலில் வாசித்தாள். மூன்று மணி நேரம்.

முடிந்ததும் கிராடக், "இதுல உங்க தாள் எங்கே, நெல்டா?" என்று கேட்டார்.

"நான் கூப்பிடலை, சார். நான் எடுத்தவ."

"கிளைட் எப்படி இருக்கார்?"

"அது இந்தத் தாள்ல வராது, சார்" என்றாள். குரல் அப்போதுதான் சற்று உடைந்தது. ரூபி அழுதுவிட்டாள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாழ்நாளில் முதல்முறையாகக் கோழை கிராடக் சபையில் எழுந்து நின்றார். என் மக்கள் அதிபரோடு நிற்கிறார்கள், நானும் நிற்கத் தயார், ஆனால் கிளினிக்குகளைப் பற்றிய அந்த ஒரு பத்தியை நீக்கினால்தான் என்றார். பிறகு டூயி ராட்லிஃப் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த மற்ற சுரங்கத் தொகுதி ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மசோதாப் பிரதியைப் புரட்ட ஆரம்பித்தார்களாம். பதினோரு பேர் எழுந்தார்கள். மசோதாவுக்கு எட்டு வாக்குதான் உபரி, இத்தனை பேர் விலகினால் தோற்றுவிடும் என்று ஊருக்கே தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மாடியில் போன் அடித்தது. பிரஸ்டன் நெல்டாவைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் எடுத்து, வழக்கம் போல ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

"பிரதிநிதி கிராடக் ஆபீஸ். நெல்டா பேசறேன்."

"அதிபர் மாளிகையிலேர்ந்து பேசறோம், மேடம்." மெத்தென்ற குரல். "அதிபர் கிராடக்கை ரொம்ப மதிக்கறார். இந்த நேரத்துல அவர் அதிபரோட நிப்பார்னு நம்பறோம். அதை அவர்கிட்ட சொல்லணும்."

நெல்டா பேனாவை எடுத்தாள். "எழுதிக்கறேன், சார். எந்த விஷயத்துல நிக்கணும்?"

மறுமுனை தடுமாறியது. "மசோதால... முழு மசோதாலயும்."

"அதுல எங்க மாவட்டத்துக்கு நாலு இருக்கு. வாசிக்கட்டுமா?"

"வேண்டாம், மேடம், எங்களுக்குத் தெரியும்."

"'வாசிக்க வேண்டாம் என்றார்.' எழுதிட்டேன். உங்க விலாசம்?"

"பென்சில்வேனியா அவென்யூ. வாஷிங்டன்."

நெல்டா பேனாவைக் கீழே வைத்தாள். நிஜமான வருத்தத்தோடு, தூரத்துச் சொந்தக்காரருக்குச் சொல்வது போலச் சொன்னாள். "மன்னிக்கணும், சார். இந்தத் தாள்ல எங்க தொகுதிக்காரங்களை மட்டும்தான் எண்ணுவோம். உங்க பிரதிநிதி யாரோ, அவர் ஆபீசுக்குப் போன் பண்ணுங்க."

பிரஸ்டன் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டான். சிரித்தானா, வேலை போய்விடும் என்று பயந்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சிரித்த சிரிப்பில் கீழே தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நெல்டாவுக்கு மட்டும் இதில் என்ன வேடிக்கை என்று புரியவே இல்லை. விதி அதுதானே என்றாள்.

மூன்றரை மணிக்குச் சேதி வந்தது. சுரங்க ஊர்களின் பதினாலு கிளினிக்குகளும் மசோதாவிலிருந்து வெளியே. அதன் பிறகு கிராடக் கை தூக்கினார், மற்ற பதினோரு பேரும் தூக்கினார்கள், மசோதா நிறைவேறியது. வெள்ளம் அளக்கும் கருவியும் ரிட்ஜ் ரோடு பாலமும் போயின, காலைச் சாப்பாடு பாதியாயிற்று. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அன்று கரி லாரிக்காரர்கள் மெயின் தெருவில் மேலும் கீழும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள், நான் கடை வாசலில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நெல்டா ஜன்னலுக்குக்கூட வரவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது. நன்றி சொன்னவர்களையெல்லாம் பெயரும் விலாசமும் கேட்டு எழுதினாள்.

மறுவாரம் திங்கட்கிழமை அதிபர் மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தார். வெற்றி உரை. நடுவில் குரலைத் தாழ்த்தி, "ஒரு முதிய சுரங்கத் தொழிலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார். பாதி மூச்சை மலைக்குள் விட்டுவிட்டு வந்தேன் என்றார், இந்த நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்க" என்றார். நிறுத்தினார். அவர் கண் பளபளத்தது. அந்தக் கிளினிக்குகளைக் காப்பாற்றியதில் தான் பெருமைப்படுவதாகச் சொன்னார். நான் நாற்காலிக் கையில் ஓங்கிக் குத்தினேன். என் மனைவி, "உனக்குக் கண் கலங்குது" என்றாள். கலங்கியதுதான். அந்த ஆள் அப்படிப் பேசுவார். என்ன செய்ய?

மறுநாள் காலை கிளைட்டை கிளினிக்குக்கு என் காரில் கூட்டிப்போனேன். நெல்டாவும் வந்தாள். காத்திருக்கும் அறையில் டூயி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

"அதிபருக்குப் பேச்சு... எழுதித் தர்றவன் நான். மரியாதையா... எந்திரிச்சு இடம் விடுங்கடா."

"கிழவா, எழுதினது மிஸ் நெல்டா. நீ இருமினதோட சரி" என்றான் ஒருவன். அறை முழுவதும் சிரித்தது, சிரித்தவர்கள் எல்லோரும் இருமினார்கள். சுவரில் யாரோ அதற்குள் அதிபரின் படத்தை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, நெல்டா? மூடப் பார்த்தவருக்கு மாலை போடாத குறைதான். போன வாரம் பூரா நாம தூங்காம கெடந்தோம். பேரு அவருக்கு!"

"கத்தாதே, லெஸ்டர். போன திங்கக்கிழமை அவர் சொன்னதை நீ சொன்ன. இந்தத் திங்கக்கிழமை டூயி சொன்னதை அவர் சொல்றாரு. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

உள் கதவு திறந்து நர்ஸ், "கிளைட் ஸ்டாலர்டு" என்று கூப்பிட்டாள். நெல்டா அவர் கையைப் பிடிக்கப் போனாள். கிளைட் அதை மெல்ல விலக்கிவிட்டுத் தானே எழுந்து நடந்தார். கதவு சாத்தவில்லை. உள்ளே நர்ஸின் குரல் கேட்டது.

"மூச்சளக்கற குழாயை வாயில வைங்க. இழுங்க... இழுங்க... இன்னும் கொஞ்சம்... இன்னும்... பிடிச்சுக்கோங்க."

டூயி கூட வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். நெல்டா கையில் பேனா இல்லாமல், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப விடுங்க" என்றாள் நர்ஸ்.

அந்த அறையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் கிளைட்டோடு சேர்ந்து மூச்சை விட்டோம்.